அடிமனை யாருடையது என்று பார்க்காமல் டோக்கன் கொடுக்காதீர்கள்

தனிக்குடித்தனம் போவது என்று முடிவானதும் டெல்டாப் பக்கம் மூன்று வழி சொல்வார்கள்: வாடகை, ஒத்தி (மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்குவது), சொந்தமாக வாங்குவது. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எந்த ஊரானாலும் பெரிய பணம் போவது பின்னால் உள்ள இரண்டில்தான். ஆவணி, தை முகூர்த்தம் நெருங்கும்போது "நாளைக்கே வேற பார்ட்டி வருது" என்று தரகர் விரட்டுவார். அந்த அவசரத்தில் டோக்கன் கொடுத்தவர்கள்தான் பிறகு நடையாய் நடக்கிறார்கள்.

முதலில் கோயில் மனை. சந்நிதித் தெரு, மடவளாகம், தேரோடும் வீதிகளில் பல வீடுகளுக்குச் சுவர் ஒருவருடையது, தரை, அதாவது அடிமனை, கோயிலுக்கோ மடத்துக்கோ உரியது. முற்றமும் தாழ்வாரமுமாக இரண்டு கட்டு வீடு, அக்கம்பக்கத்து விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் ஆசை வரத்தான் செய்யும். விற்பவர் வீட்டு வரி ரசீது காட்டுவார், மின் இணைப்பு அட்டை காட்டுவார், எல்லாம் அவர் பெயரிலேயே இருக்கும். அவை கட்டடத்தை அனுபவிப்பதற்கான அடையாளம் மட்டுமே. தரைக்கு அவை சாட்சி ஆகாது.

அடுத்து வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) எடுத்துக் கொடுப்பார், அதில் ஒன்றுமே இருக்காது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். கோயில் அந்த நிலத்தை யாருக்கும் விற்றதில்லை, அதனால் பதிவே இல்லை. வெற்று வில்லங்கம் என்பது சுத்தமான சொத்து என்பதற்கு ஆதாரம் இல்லை.

பார்க்க வேண்டியது பட்டா. நகர்ப்புறமானால் வார்டு, பிளாக், நகர அளவை எண் வாங்கி, தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டைப் பாருங்கள். கிராமமானால் பட்டாவோடு அ-பதிவேடு, அதாவது கிராமத்து நிலங்களின் வருவாய்த் துறைக் கணக்கு. கதவு எண்ணை வைத்துத் தேடிப் பயனில்லை. உரிமையாளர் இடத்தில் தேவஸ்தானம் என்றோ சுவாமி பெயரோ ஆதீனமோ இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது மேல்கட்டடம் மட்டும். பத்திர வரைவில் 'அடிமனை நீங்கலாக', 'அனுபவ பாத்தியம்' (அனுபவிக்கும் உரிமை மட்டும்) போன்ற சொற்கள் நடுப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். கடைசி வரி வரை படியுங்கள்.

1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, கோயில் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்தது செல்லாது. சார்பதிவாளர் பதிய மறுப்பார் என்பது தெரிந்தேதான் "நோட்டரி கையெழுத்துப் போதும் தம்பி" என்கிறார்கள். கோயில் கணக்கில் பெயர் மாறாத வரை நீங்கள் ஆக்கிரமிப்பாளர். 78ஆம் பிரிவில் வெளியேற்ற வழி உண்டு. முந்தையவர் வைத்த அடிமனை வாடகை பாக்கியும் உங்கள் தலையில் விழும். வங்கிக் கடனும் கிடைப்பது அரிது. அப்படியும் அந்த வீடுதான் வேண்டும் என்றால், முதலில் கோயில் அலுவலகத்தில் பாக்கி விவரம் கேளுங்கள். பெயர் மாற்ற உத்தரவு எழுத்தில் வந்த பிறகே மீதிப் பணம்.

ஒத்தியில் கணக்கு இனிக்கும். மாதம் 7,000 வாடகை போகும் வீடு 5 லட்சத்துக்கு ஒத்தி என்று வையுங்கள். வைப்பு நிதியில் 7 சதவீதம் என்றால் வட்டி ஆண்டுக்கு 35,000. மிச்சமாகும் வாடகை 84,000. லாபம் 49,000. அதற்காக 5 லட்சத்தை வெறும் முத்திரைத்தாளை நம்பிக் கொடுக்கிறோம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி பதிவாகியே தீர வேண்டும், இல்லாவிட்டால் அது அடமானமாக நிற்காது. ஒரே வீட்டை இரண்டு பேருக்கு ஒத்தி வைப்பதும், வங்கியில் அடமானத்தில் இருக்கும் வீட்டை ஒத்திக்கு விடுவதும் பதியாமல் விடுவதால்தான் நடக்கிறது. மூலப்பத்திரத்தை அசலாகக் கேளுங்கள். "லாக்கர்ல இருக்கு" என்று ஜெராக்ஸ் நீட்டினால் எழுந்து வந்துவிடலாம். எழுதிக் கொடுப்பவர் மகனாகவும் பட்டா இறந்துபோன அப்பா பெயரிலும் இருந்தால், அக்கா தங்கைகள் உட்பட வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

மனை வாங்குபவர்களுக்கு ஒன்று. பங்குனி, சித்திரையில் காட்டப்படும் மனையை அப்போதே முடிக்காதீர்கள். மேட்டூர் அணை மூடி வாய்க்கால் வறண்டிருக்கும் காலம் அது, எல்லா நஞ்சையும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பார்த்தால் வடிகால் எந்தப் பக்கம் போகிறது, ரோடு மனையைவிட எவ்வளவு உயரம் என்பது தெரிந்துவிடும். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற விளம்பரப் பலகை பயனற்றது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண் வேண்டும்.

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். 20 லட்சத்துக்கு 1,80,000 ரூபாய், திரும்பி வராத பணம். நாலைந்து ஆண்டில் வேலை மாறும் வாய்ப்பு இருந்தால் வாடகையே சரி. அதிலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை குடியிருப்புக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நம் ஊரில் பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எதுவானாலும் பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், பதிவாகாத ஒத்திப் பணத்தைக் கடனாகக் கேட்டு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுதான் கெடு என்பதை மனத்தில் வைத்து, உடனே வக்கீலிடம் போங்கள். "அடுத்த அறுவடைக்குத் தர்றேன்" என்று அந்த மூன்றையும் பேச்சிலேயே ஓட்டிவிடுவார்கள்.