மீன் ஏலக் கணக்குக்கு எந்தச் செயலி? கடலூரில் செய்து பார்த்தது

கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் வியாபாரி ஒருவருக்குக் கணக்குச் செயலி செய்து கொடுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் அவருக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தது. சிக்னல் இல்லாவிட்டாலும் கணக்கு பதிவாக வேண்டும், அவரிடம் இருந்த சின்ன புளூடூத் பிரிண்டரில் சீட்டு வர வேண்டும், வெளியூரில் இருக்கும் மகன் ஐபோனில் வரவுசெலவைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டார்.

எனக்குக் கைவந்தவை இணையப் பக்கங்கள் எழுதப் பயன்படும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். அந்த அறிவை வைத்துச் செயலி செய்ய மூன்று வழிகள் இருந்தன: பிடபிள்யூஏ, கெப்பாசிட்டர், ரியாக்ட் நேட்டிவ்.

முதலில் பிடபிள்யூஏவில் தொடங்கினேன். இது இணையதளமேதான், முகப்புத் திரையில் சேர்த்துவிட்டால் செயலி போலத் திறக்கும். உலாவியின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒர்க்கர் என்ற சிறு நிரல் பக்கங்களைக் கைபேசியிலேயே வைத்திருப்பதால் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. செயலியை வெளியிட கூகுள் பிளேக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் என்ற செலவும் இல்லை. ஐபோனில் இதெல்லாம் தாமதமாகத்தான் வந்தது: சர்வீஸ் ஒர்க்கர் 2018இல், அறிவிப்புகள் 2023இல்.

வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று பெரிய பொத்தான்கள் வைத்தேன். ஈரக்கையோடு தொட வேண்டுமே. எல்லாம் ஓடியது, பிரிண்டரைத் தவிர. இணையப் பக்கத்திலிருந்து புளூடூத் கருவிகளோடு பேச உதவும் வெப் புளூடூத் பேசுவது பிஎல்ஈ எனும் குறைந்த மின்சக்தி வகையோடு மட்டும். அவருடையதோ பழைய வகை. அதோடு, இடம் போதவில்லை என்று கடைப் பையன் ஒருநாள் உலாவியின் தரவை அழித்துவிட்டான். சர்வருக்குப் போய்ச் சேராத அன்றைய கணக்கு முழுவதும் போயிற்று. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

2015இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் நீண்ட பட்டியல்களையும் வழுக்கிக்கொண்டு ஓட்டும், ஏனென்றால் அது கைபேசியின் சொந்தத் திரைக்கூறுகளையே பயன்படுத்துகிறது. ஆனால் அங்கே எச்டிஎம்எல் கிடையாது. எழுதிய திரைகள் அத்தனையையும் மறுபடி எழுத வேண்டும். ஒரு கணக்குப் புத்தகத்துக்கு அது வீண் உழைப்பு.

கெப்பாசிட்டர் அதே எச்டிஎம்எல்லை, செயலிக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூவுக்குள் வைத்து உண்மையான செயலியாகக் கட்டித் தருகிறது. இதே வேலையைச் செய்யும் பழைய கருவியான கார்டோவாவின் பிளகின்கள் (கைபேசியின் வசதிகளைத் தொட உதவும் துணை நிரல்கள்) பலவும் இதில் ஓடும். பிளகின் வழியே பழைய புளூடூத்தும் கைக்கு வந்தது. வெப்வியூவின் சேமிப்பை மட்டும் நம்பாமல் கணக்கைக் கைபேசியிலேயே இருக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்துக்கு மாற்றினேன். இனி உலாவியில் எதை அழித்தாலும் கணக்குக்கு ஒன்றும் ஆகாது.

ஆகவே ஒன்றையே பிடித்துக்கொள்ளவில்லை. அப்பாவின் ஆண்ட்ராய்டில் கெப்பாசிட்டர். பார்த்தால் மட்டும் போதும் என்ற மகனின் ஐபோனில் பிடபிள்யூஏ. திரைகள் இரண்டுக்கும் ஒன்றே. ஆப்பிளின் 99 டாலரும் மிச்சம். ஜூன் 15க்குப் பிறகு படகுகள் திரும்பிய முதல் ஏலத்தில், மத்திக் கூடைக்கான சீட்டு சிக்னல் இல்லாமலே வெளியே வந்தது. அதை வாங்கிப் படித்துவிட்டு, எடை எழுத்தை இன்னும் பெரிதாக்கித் தரச் சொன்னார்.