மூன்று சொட்டு நீரும் அம்மாவின் பெயரும்

கல்யாணமாகி சென்னைக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. மொரீஷியஸுக்குப் போனால் வழக்கமாகக் காவடியும் கடலும்தான். இந்த முறை அம்மாவின் வலது கண். எட்டு மாதமாகச் சிவப்பதும் மங்குவதும், ஸ்டீராய்டு சொட்டு விட்டால் அடங்குவதும், நிறுத்தினால் திரும்புவதுமாக இருந்தது. கண் அழுத்தம் 38. 21-ஐத் தாண்டினாலே அதிகம்.

அங்கே மோக்கா என்ற ஊரில் அரசு கண் மருத்துவமனைக்கு சுப்பிரமணிய பாரதி பெயர். பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அக்கா ஏற்கெனவே ஒரு தனியார் கிளினிக்கில் காட்டிக்கொண்டிருந்ததால் அங்கேயே தொடர்ந்தோம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: இது யுவைட்டிஸ், கண்ணுக்குள் அழற்சி. அழுத்தம் இப்படி ஏறுவதைப் பார்த்தால் வைரஸ் சந்தேகம். ஹெர்பிஸ் என்றால் ஒரு மருந்து, சைட்டோமெகலோ வைரஸ் என்றால் வேறு மருந்து. வெறும் ஸ்டீராய்டு விட்டால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம். ரத்தத்தில் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். எப்போதோ வந்துபோன தொற்றின் தடயம் பெரும்பாலானோர் ரத்தத்தில் இருக்கும், கண்ணுக்குள் இருப்பதை அது காட்டாது, கண்ணுக்குள் இருக்கும் நீரையே கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

மரக்க வைக்கும் சொட்டு, பிறகு பழுப்பு அயோடின். கருவிழி ஓரத்தில் முடி போன்ற ஊசி. சிரிஞ்சில் வந்தது 0.1 மில்லி, மூன்று சொட்டுகூட இருக்காது. "இவ்வளவுதானா? வெங்காயம் நறுக்கினால் இதைவிட வருமே" என்றார் அம்மா, மொரீஷியஸின் பேச்சுமொழியான கிரியோலில். இரண்டு மணி நேரத்தில் கண் தானே ஊறி நிரப்பிக்கொள்ளுமாம். ஆனால் இந்தத் துளியை வைத்து எல்லா டெஸ்டும் செய்ய முடியாது. எதைத் தேடுவது என்று டாக்டர் முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் சோதனையில் எதுவும் வராவிட்டாலும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் அவரே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

கோளாறு நடந்தது கிளினிக் கவுன்ட்டரில். அம்மா குடும்பப் பெயர் முத்து. அடையாள அட்டையில் பிரெஞ்சு வழக்கப்படி எம்-ஓ-யூ-டி-ஓ-யூ. கண் நீர் இருந்த குழாயின் லேபிளில் கவுன்ட்டர் பையன் எம்-யூ-டி-எச்-யூ என்று எழுதிவிட்டான். மாதிரி போய்ச் சேர்ந்த வெளிநாட்டு லேப், படிவமும் குழாயும் பொருந்தவில்லை என்று நிறுத்திவைத்துவிட்டது. திரும்ப எடுப்பதென்றால் மறுபடி கண்ணில் ஊசி! கட்டணம் கட்டிய ரூபாய்த் தாளில்கூடத் தமிழ் எழுத்து இருக்கிறது, முத்துவை எழுதத்தான் இத்தனை வழி. அட்டை நகலும் டாக்டர் கையெழுத்திட்ட கடிதமும் அனுப்பி, நாலு நாள் கழித்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள். மாதிரி குளிரில் இருந்ததால் தப்பியது.

முடிவு வந்தது: சைட்டோமெகலோ வைரஸ்தான். கான்சிக்ளோவிர் வகை மாத்திரை ஆரம்பித்தார்கள். அதற்கு அவ்வப்போது ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். முதல் ரத்தப் பரிசோதனைக்கு நானும் போனேன். அம்மா அட்டையை நீட்டினார், அப்புறம் பையன் கையிலிருந்து பேனாவை வாங்கி லேபிளில் தானே எழுதினார்.