தேவனாம்பட்டினத்தில் எங்களுக்கு வீடு கட்டிய கான்ட்ராக்டர்: என் அனுபவம்

கடல் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பழைய வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்தது. அப்புறம் போட்ட தளத்திலும் பத்து வருடத்துக்குள் கம்பி துருப்பிடித்து, ஒருநாள் பூச்சு பெயர்ந்து அம்மாவின் கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளை, அம்மா அப்போது அடுப்படியில் இருந்தார்.

புது வீட்டைக் கட்டியவர் கடலூர்க்காரர்தான். பெயர் எழுதவில்லை. 1,100 சதுர அடி, பொருளோடு சதுர அடிக்கு 2,350 ரூபாய். 2024 ஜனவரியில் பூஜை போட்டோம். 9 மாதம் என்றார், 14 மாதம் ஆனது.

என் தம்பி கரீபியன் பக்கம் கயானாவில், ஜார்ஜ்டவுனில் சைட் இன்ஜினியர். 2019 கடைசியில் கடலில் எண்ணெய் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து அங்கே எங்கு பார்த்தாலும் கட்டட வேலையாம். தேர்ந்த கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் கிடைப்பதுதான் பெரும்பாடு என்பான். அந்த ஊரே கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, கடற்சுவர்தான் காக்கிறது. உப்புக் காற்று கட்டடத்தை என்ன செய்யும் என்று அவன் தினமும் பார்க்கிறான். அதனால் ஞாயிறுதோறும் அவனுக்குப் படம் அனுப்புவேன்.

காலம், அதாவது கான்கிரீட் தூண், நிறுத்தியபோது அனுப்பிய படத்தைப் பார்த்து உடனே கூப்பிட்டான். "அக்கா, கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல எவ்வளவு இருக்கு, அளந்து பாரு." பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். 20 மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளிக்காக வைக்கிற கவர் பிளாக் என்ற சிறு கட்டைக்குப் பதிலாக உடைந்த ஜல்லியைச் செருகியிருந்தார்கள். கடற்கரைச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் வேண்டும், கான்கிரீட்டின் வலிமைத் தரமும் குறைந்தது எம் 30 வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. அந்த 45 இல்லையென்றால் உப்பு சீக்கிரம் கம்பியைத் தொட்டுவிடும். துரு ஏறின கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அம்மாவின் கட்டிலில் பூச்சு விழுந்தது அப்படி வந்ததுதான்.

கான்ட்ராக்டர் முதலில் முகம் சுளித்தார். "முப்பது வருஷமா இப்படித்தான் கட்டுறோம் டீச்சர்" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரே வந்து, சென்ட்ரிங் பலகையைக் கழற்றச் சொல்லி, கவர் பிளாக் வைத்து மறுபடி கட்ட வைத்தார். கூடுதல் பணம் கேட்கவில்லை. இதை நான் மறக்க மாட்டேன்.

தண்ணீரிலும் அப்படித்தான். எங்கள் போர் தண்ணீர் கரிக்கும். பரிசோதனைக்குக் கொடுத்ததில், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அனுமதிக்கிற அளவான லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடைத் தாண்டியிருந்தது. லாரித் தண்ணீர் செலவில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டார். தளம் போட்ட பிறகு சாக்கு விரித்துப் பத்து நாள் தண்ணீர் காட்டினார்கள்.

தரையைச் சாலையிலிருந்து மூன்றடி உயர்த்தச் சொன்னதும் அவர்தான். செலவை நினைத்து நான் தயங்கினேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. எங்கள் வாசலில் இரண்டு படிதான் நனைந்தது.

பூச்சுக்கு அப்புறம் நடந்த வேலை வேறு கதை. தீபாவளிக்கு ஊருக்குப் போன டைல்ஸ் ஆட்கள் ஆறு வாரம் திரும்பவில்லை. கான்ட்ராக்டர் போனை எடுக்கவும் மாட்டார். குளியலறைத் தரையில் வாட்டம் தப்பு, தண்ணீர் மூலையில் தேங்கியது. இரண்டு முறை பெயர்த்துப் போட்டும் சரியாகவில்லை. கடைசியில் வேறு ஆளை வைத்து 18,000 ரூபாய் கொடுத்துச் சரிசெய்தேன். அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் மாடி எடுக்கிற யோசனை இருக்கிறது. காலமும் தளமும் இவரிடமே கொடுப்பேன். டைல்ஸுக்கும் ப்ளம்பிங்குக்கும் வேறு ஆள். காலம் கட்டுகிற அன்று ஸ்கேலோடு நானும் நிற்பேன்.