இரட்டைக் குழியா, செப்டிக் டேங்கா?

கிராமத்து வீட்டில் கழிப்பறை கட்டுமுன் எழும் கேள்வி. இரட்டைக் குழி என்றால், ஒன்று நிறைந்ததும் மற்றதற்கு மாறும் இரண்டு கழிவுக் குழிகள்.

செலவு: இரட்டைக் குழிக்கு இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் போதும், அடியில் கான்கிரீட் வேண்டாம். டேங்குக்கு நீர் கசியாத தொட்டி, காற்றுக்குழாய், தனி உறிஞ்சுகுழி எல்லாம் வேண்டும்.

பராமரிப்பு: டேங்கை 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். உங்கள் சந்துக்குள் லாரி நுழையுமா? ஆளை மட்டும் இறக்கவே கூடாது. விஷவாயு கொன்றுவிடும், மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டமும் தடுக்கிறது.

இரட்டைக் குழியில் ஒரு குழி நிறைந்தால், சந்திப்புத் தொட்டியில் (கழிப்பறைக் குழாய் இரு குழிக்கும் பிரியும் இடம்) அந்தக் குழிக்குப் போகும் வாயைச் செங்கலும் களிமண்ணும் வைத்து அடைத்து அடுத்ததற்குத் திருப்புங்கள். 2 ஆண்டு மூடிக்கிடந்தால் வாடையற்ற, பொலபொலப்பான உரம். இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே நிறையும். பலர் சறுக்குவது இங்கேதான்.

செம்மண், ஆழத்தில் நீர்: இரட்டைக் குழி.
பாறை, மழையில் மேலேறும் ஊற்று: டேங்க். அதன் கழிவுநீரைத் தெருச் சாக்கடையில் விடாதீர்கள்.