கல் போன்ற பெடல், நிற்காத வண்டி: 'பிரேக் ஃபீல்' பேக்கேஜ் வாங்கப் போகிறவர்களுக்கு

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று சொல்லிக்கொண்டு போகிறவரிடம் விற்பதற்கென்றே ஒரு பேக்கேஜ் இருக்கிறது: ஸ்டீல் பின்னல் ஹோஸ் (சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் வளையும் குழாய்) நான்கு, 'ரேசிங்' பிரேக் ஆயில், டிஸ்கைக் கவ்வும் 'செராமிக்' பேட். சென்னையில் ஒரு மாடிஃபிகேஷன் கடையில் இதை வாங்கிய ஹேட்ச்பேக் ஒன்று பிறகு முழுதாகப் பிரித்துப் பார்க்கப்பட்டது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) உள்ள, நன்றாக ஓடிய பழைய வண்டி. பில் நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. பெடல் கல் மாதிரி ஆகியிருந்தது. வண்டி மட்டும் முன்பைவிடத் தாமதமாக நின்றது.

கடையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே என்ன வரிசையில் வேலை நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும், வேறு எந்தக் கடையிலும் அதை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

முதலில் ஹோஸ் மாற்றினார்கள். மாற்றும்போது பழைய ஹோஸைக் கழற்றி அப்படியே தொங்கவிட்டதில், பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பா காலியாகி, ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று போய்விட்டது. அதனால் புது ஹோஸ் போட்ட பிறகு பெடல் இன்னும் மோசமானது. "மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு சார்" என்று சொல்லி, பெரிய வண்டி ஒன்றின் மாஸ்டரைப் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து எடுத்து வந்து மாட்டினார்கள். பெடல் கெட்டியானது. கடை வாசலில் நின்றபடி மிதித்துப் பார்த்த வண்டிக்காரருக்குத் திருப்தி. ஏமாற்று நடந்தது அந்த இடத்தில்தான். உள்ளே காற்று அப்படியே இருக்க, அதை மறைக்கும் பாகம் ஒன்று விற்கப்பட்டிருக்கிறது.

பெரிய மாஸ்டர் ஏன் பெடலைக் கெட்டியாக்குகிறது என்பது சின்னக் கணக்கு. பழைய மாஸ்டரின் துளை (உள்ளே பிஸ்டன் ஓடும் குழியின் விட்டம்) 13/16 அங்குலம், அதாவது 20.64 மி.மீ. புதிதாக வந்தது 15/16 அங்குலம், 23.81 மி.மீ. பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தோடு போகும்: 13-இன் வர்க்கம் 169, 15-இன் வர்க்கம் 225. ஆக, பிஸ்டனின் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதே அளவு ஆயிலைத் தள்ளப் பெடல் குறைந்த தூரம் போனால் போதும், அதனால் உயரத்திலேயே நிற்கிறது, கெட்டியாகத் தெரிகிறது. ஆனால் அதே கால் அழுத்தத்துக்கு லைனில் வரும் பிரஷர் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். முன்பு நின்ற இடத்தில் நிற்க, மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக மிதிக்க வேண்டும். கோயம்பேடு சிக்னலில் இது தெரியாது. மதுரவாயல் பைபாஸில் முன்னால் போகும் லாரி திடீரென்று பிரேக் அடித்தால் தெரியும்.

இந்த அளவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பல மாஸ்டர்களின் உடம்பிலேயே, டப்பாவுக்குக் கீழே, துளை அளவு அங்குலத்தில் வார்க்கப்பட்டிருக்கும். டார்ச் அடித்தால் தெரியும். வேலைக்கு விடும் முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒரு மாஸ்டர் இன்னொரு வண்டிக்குப் பொருந்திவிடாது. அதற்குக் காரணம் அடுத்து வருவது. இந்த வண்டியில் மிகவும் ஆபத்தாக இருந்ததும் அதுவே.

மிதிக்கும் அழுத்தத்தை வேக்குவத்தால் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரின் நடுவிலிருந்து ஒரு தண்டு வெளியே வந்து மாஸ்டரின் பிஸ்டனைத் தள்ளும். பெடலில் கால் இல்லாதபோது தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சரியான எண்ணை அந்த வண்டியின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். மாஸ்டருக்கு மாஸ்டர் பிஸ்டன் உட்கார்ந்திருக்கும் ஆழம் மாறும். இந்த வண்டியில் இடைவெளியே இல்லை, தண்டு பிஸ்டனை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருந்தது. அப்படி இருந்தால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், திரும்பிப் போக வழியில்லை, பேட் டிஸ்கைக் கவ்வும், அதனால் இன்னும் சூடு. பெடல் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் உயர்ந்துகொண்டே வரும். "ஓட்ட ஓட்ட பெடல் இன்னும் நல்லா இருக்கு" என்று வண்டிக்காரர் முதலில் சந்தோஷப்பட்டது இதைத்தான்! பிறகு சக்கரத்திலிருந்து கருகல் வாசனை வந்தது, சரிவில் நியூட்ரலில் விட்டால்கூட வண்டி உருளவில்லை.

இப்படி இறுகிப்போன வண்டியில் குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கரம் இறுகியிருக்கும்போதே மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் சில சுற்று தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் தண்டின் நீளம்தான் தப்பு, அல்லது பெடலுக்கு மேலே உள்ள பிரேக் லைட் சுவிட்ச் பெடலை முழுதாகத் திரும்ப விடாமல் பிடித்திருக்கிறது. விடவில்லை என்றால் மாஸ்டரிலிருந்து வெளியேறும் லைனைத் தளர்த்துங்கள். இப்போது விட்டால் மாஸ்டருக்குள்ளேயே கோளாறு. அப்போதும் விடாமல், சக்கரத்தருகே காற்றை வெளியேற்றும் ப்ளீடர் நிப்பிளைத் திறந்தால் மட்டும் விட்டால், ஹோஸின் உட்சுவர் மடிந்து ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கலாம். அங்கும் விடவில்லை என்றால் பேட்டை டிஸ்கின் மேல் அழுத்தும் காலிப்பரே இறுகிக் கிடக்கிறது.

இனி ஹோஸ். நல்ல பின்னல் ஹோஸ் மோசமான பொருள் அல்ல. உள்ளே டெஃப்ளான் குழாய், மேலே ஸ்டெயின்லெஸ் பின்னல். பிரஷரில் ரப்பரைப் போல உப்பாது. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் வித்தியாசம் கடைக்காரர் சொல்வதைவிடச் சிறியது. பல வருடம் ஓடிய வண்டியில் ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டுப் புது ஒரிஜினல் ரப்பர் ஹோஸ் போட்டாலே பெரும்பாலான வித்தியாசம் வந்துவிடும். இந்த வண்டியில் போட்டிருந்தது அதுவும் இல்லை, பின்னல் மேலுறை போட்ட சாதாரண ரப்பர் ஹோஸ். வெட்டிப் பார்த்ததும் தெரிந்தது. வெட்டாமலும் தெரிந்துகொள்ளலாம். ஹோஸின் மேல் தயாரிப்பாளர் பெயர், தேதி, தரநிலை எதுவும் அச்சில் இல்லை. முனையில் அழுத்திப் பிடித்த காலரைக் கையால் திருப்பினால் சுற்றியது. அமெரிக்கத் தரநிலையான எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 106 பிரேக் ஹோஸை 35 மணி நேரம் விடாமல் வளைத்துச் சுழற்றிச் சோதிக்கச் சொல்கிறது. கையில் சுற்றும் காலர் அந்த மேசைக்கே போயிருக்காது.

நிஜமான ஹோஸையும் கெடுத்து மாட்டலாம். ஒரிஜினல் ஹோஸின் நடுவில் ஸ்ட்ரட்டோடு (முன் சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் தூண்) பிடிக்கும் பிராக்கெட் இருக்கும். விலை குறைந்த கிட்களில் அது இருக்காது, கேபிள் டையால் கட்டிவிடுவார்கள். பின்னல் கம்பி அரம் மாதிரி. உரசுகிற எதையும் அறுத்துவிடும், பக்கத்தில் போகும் ஏ.பி.எஸ். சென்சார் வயரையும் சேர்த்து. மாட்டியதும் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இடக்கோடி வலக்கோடி திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடுகிறதா, டயரைத் தொடுகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஹோஸைக் காலிப்பரோடு பிடிக்கும் பேஞ்சோ போல்ட்டில், ஹோஸ் முனையின் இரு பக்கமும் புது செம்பு வாஷர் போட வேண்டும். பழையதைத் திரும்பப் போட்டால் கசியும், கசிவை நிறுத்த இன்னும் முறுக்கினால் போல்ட் அறுந்துவிடும். போல்ட்டின் மரையில் 10 மி.மீ. விட்டத்துக்கு 1.0 பிட்சும் (மரைச் சுற்றுகளின் இடைவெளி) உண்டு, 1.25 பிட்சும் உண்டு. ஒன்றில் மற்றது முதல் இரண்டு சுற்று போகும், பிறகு காலிப்பரின் மரையைத் தின்றுவிடும்.

ஆயில் விஷயத்தில் நடப்பது பெயர் விளையாட்டு. பிரேக் ஆயிலின் கிரேடை 'டாட்' என்ற எண்ணால் சொல்வார்கள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஈரம் சேர்ந்த பிறகு 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. இவை மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 என்பது சிலிக்கான், வேறு சாதி. மற்றவற்றோடு சேராது, காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஏ.பி.எஸ். வண்டிக்கு ஆகாது. '5' என்று மட்டும் பில்லில் எழுதியிருந்தால் எந்த 5 என்று கேளுங்கள். இன்னொன்றும் உண்டு, இதைக் கடைகள் சொல்வதில்லை: ஆயிலின் கிரேடு உயர்ந்தால் பெடல் கெட்டியாகாது. கொதிக்கும் அளவுதான் மாறும். நகருக்குள் ஓடும் வண்டிக்கு, இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் போகாதவருக்கு, கையேட்டில் போட்டிருக்கும் கிரேடே போதும். சீல் உடைக்காத கேனை உங்கள் முன்னால் திறக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் பாதி திறந்து அலமாரியில் கிடந்த கேன் எந்த கிரேடாக இருந்தாலும் வீண். நிறத்தை வைத்து 3, 4, 5.1 எது என்று யாராலும் சொல்ல முடியாது. பாகங்களை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவுகிற கடையில் பிரேக் வேலையே கொடுக்காதீர்கள். மாஸ்டரின் ரப்பர் சீல் உப்பிவிடும்.

ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் போன காற்று பெடலை மிதித்து மிதித்து ஏர் எடுத்தால் வெளியே வராது. ஸ்கேனரை மாட்டி, அதில் உள்ள ப்ளீடிங் கட்டளையால் வால்வையும் பம்பையும் ஓட வைத்துத்தான் எடுக்க வேண்டும். "ஸ்கேனர்ல ஏர் எடுப்பீங்களா?" என்று வேலைக்கு முன்பே கேளுங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். நம் ஊர் வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் தூரமான இடது பின் சக்கரம் பொதுவாக முதலில் வரும், அடுத்தது எது என்பது லைன் குறுக்காகப் பிரிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பழைய மாஸ்டர் உள்ள வண்டியில் பெடலைத் தரைவரை அமுக்கக் கூடாது. என்றும் போகாத துருப்பிடித்த பகுதிக்குச் சீல் போய்க் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.

'செராமிக்' பேட் பற்றி ஒரே சொல். பேட்டின் விளிம்பிலோ முதுகிலோ இரண்டு ஆங்கில எழுத்துகளில் ஒரு குறி இருக்கும்: இ என்றால் உராய்வு 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. முதல் எழுத்து சாதாரணச் சூட்டுக்கு, இரண்டாவது அதிகச் சூட்டுக்கு. இந்த வண்டியின் பேட்டில் குறியே இல்லை. பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்ற பிரேக் பாக நிறுவனங்கள் பாடிப் பகுதியிலேயே இருக்கும் ஊரில் பேரில்லாத பேட்டை வாங்குவது என்ன நியாயமோ!

சரி, கடைக்குப் போகும் முன்பே பெடல் ஏன் பஞ்சு மாதிரித் தாழ்ந்தது? பின் டிரம்மில் தானாக இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருவும் சேறும் ஏறிச் சிக்கிக் கிடந்தது. டிரம்மை உள்ளிருந்து அழுத்த வேண்டிய ஷூ அதிலிருந்து விலகி நின்றது. முன் காலிப்பர் வழுக்கி நகர உதவும் ஸ்லைடர் பின் (ஊசி) ஒன்றும் இறுகிப் போயிருந்தது. மழைக்காலத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தண்ணீரில் ஓடிய வண்டிகளில் இது புதிதல்ல. கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். வண்டி நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் இழுத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று உயரத்தில் கெட்டியானால் குற்றம் பின் டிரம்மில். இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் பெடல் உயர்கிறதென்றால் காற்று இருக்கிறது, அல்லது ஷூ விலகியிருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெதுவாக இறங்கினால் கசிவு தேடுங்கள். வெளியே ஈரம் எங்கும் இல்லையென்றால் மாஸ்டரின் சீலைச் சந்தேகிக்கலாம். என்ஜினை அணைத்துப் பல முறை மிதித்துப் பெடலைக் கெட்டியாக்கி, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரையும் வேக்குவம் குழாயையும் பாருங்கள்.

அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, ஸ்லைடர் பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ் போட்டு, ஆயிலை முழுதாக மாற்றி ஏர் எடுப்பதற்கு, கொடுத்த பில்லில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இந்த வண்டியிலும் கடைசியில் செய்தது அதுதான். சரியான அளவு மாஸ்டரும் ஒரிஜினல் ஹோஸும் திரும்ப வாங்கியது தனிச் செலவு. கழற்றிய மாஸ்டரைக் கடையில் கேட்டபோது "ஸ்கிராப்ல போட்டாச்சு" என்றார்கள்.

ஆகவே வேலைக்கு விடும்போதே கழற்றும் பாகம் எல்லாம் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். பில்லில் 'பிரேக் கிட்' என்று மொத்தமாகப் போடாமல் பாக எண், மாஸ்டரின் துளை அளவு, ஆயில் கிரேடு தனித்தனியாக இருக்கட்டும். பணம் போய்விட்டால் பாகங்களை எறியாதீர்கள். போட்டோ எடுத்து, வேறு பணிமனையில் எழுத்தில் ஓர் அறிக்கை வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.