டெல்மிசார்ட்டன் 40: மாத்திரை நல்லது, அட்டையைப் பிரிக்காதவரை

பிரஷர் சீட்டுகளில் அடிக்கடி தென்படும் பெயர் டெல்மிசார்ட்டன். 20, 40, 80 மில்லிகிராமில் கிடைக்கும். பெரும்பாலும் 40-இல் தொடங்குவார்கள்.

ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் ரத்தக் குழாய்களை இறுக்கும், அட்ரினல் சுரப்பியைத் தூண்டி உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைக்கும். அது போய் ஒட்டவேண்டிய இடத்தை இந்த மாத்திரை பிடித்துக்கொள்கிறது. எனாலப்ரில், ராமிப்ரில் வகையறா பிரஷர் மாத்திரைகள் அந்த ஹார்மோன் உருவாவதையே தடுப்பவை. கூடவே பிராடிகைனின் என்ற பொருள் உடம்பில் தேங்குவதால் சிலரை வறட்டு இருமல் படுத்தி எடுக்கும். டெல்மிசார்ட்டனில் அந்தத் தொல்லை குறைவு. 2008-இல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில் ராமிப்ரிலுக்கு ஈடாகவே நின்றது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் பலன் கூடவில்லை, சிறுநீரகம்தான் அடிவாங்கியது.

ஒரு நாளைக்கு ஒன்று போதும். முழுப் பலன் தெரிய நான்கு வாரம் ஆகும். பத்தே நாளில் ‘கேட்கவில்லை’ என்று மாத்திரையை மாற்றச் சொல்வது அவசரம்.

பெரிய குறை, ஈரம். மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் காரப்பொருள் சேர்த்தே மாத்திரை செய்கிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வாரத்துக்கு மொத்தமாகப் பிரித்து டப்பாவில் போட்டால், அதுவும் மழைக்காலத்தில், ஓரம் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். 80-ஐப் பாதியாக உடைத்து மறுபாதியைச் சேமிப்பதும் அதே கதைதான். விழுங்கும் நேரத்தில் அட்டையிலிருந்து எடுங்கள்.

தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் பார்க்கவேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாகக் கண்காணித்தால் போதும்; பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதுவும் தினசரி இளநீரும் ஆபத்து. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக்கைத் தாமாக வாங்கிப் போடுவது இன்னும் மோசம். வாந்தி, பேதி கண்டால் மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பத்தில் கூடவே கூடாது, சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஜன் ஔஷதி கடையில் இதே மருந்து மலிவு. எங்கே வாங்கினாலும் பெயருக்குப் பின்னுள்ள எழுத்தைப் பாருங்கள்: ‘ஏஎம்’ என்றால் பெரும்பாலும் அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து கலந்தது, கால் வீக்கம் தரக்கூடியது; ‘எச்’ என்றால் ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற, சிறுநீரைக் கூட்டும் மருந்து. மாறி வந்த ‘ஏஎம்’ அட்டையால் கணுக்கால் வீங்கினால், பழி வெறும் டெல்மிசார்ட்டன் மேல் விழும்.