முதலில் படம், அப்புறம் நாவல்: 'லெட் தி ரைட் ஒன் இன்'

ஸ்காண்டிநேவிய திகில் நாவல்களைப் படங்களோடு சேர்த்துப் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஸ்டீக் லார்சனின் டிராகன் டாட்டூவில்தான் தொடங்குகிறார்கள். தப்பில்லை, ஆனால் அது துப்பறியும் கதை, ஒன்றில் முடிச்சு அவிழ்ந்துவிட்டால் மற்றதில் பாதி சுவாரசியம் காலி. என்னைக் கேட்டால் 'லெட் தி ரைட் ஒன் இன்'தான் முதலில். ஜான் அய்விடே லிண்ட்க்விஸ்ட்டின் சுவீடிஷ் நாவல் 2004-இல் வந்தது, தோமஸ் ஆல்ஃப்ரெட்சன் இயக்கிய படம் 2008-இல். திரைக்கதையும் லிண்ட்க்விஸ்டே எழுதியதால், கத்தரி போட்டவர் கதையைப் பெற்றவரேதான்.

1980களின் தொடக்கம், ஸ்டாக்ஹோம் புறநகர் ஒன்றின் அடுக்குமாடிக் குடியிருப்பு. பள்ளியில் தினமும் வதைபடும் 12 வயது ஆஸ்கர், பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் ஏலி. ஏலி ஒரு ரத்தக் காட்டேரி, உயிர்வாழ ரத்தம் வேண்டும், அதைக் கொண்டுவருவது கூடவே வசிக்கும் ஹோகன் என்ற பெரியவர். ஒரு காட்சியில் அவர் ஓர் இளைஞனை மரத்தில் தலைகீழாகக் கட்டி, கழுத்தை அறுத்து, புனல் வைத்து பிளாஸ்டிக் கேனில் ரத்தம் பிடிக்கிறார். எங்கிருந்தோ ஒரு வெள்ளை பூடில் நாய் வந்து எதிரே உட்கார்ந்து பார்க்கிறது, விரட்டினாலும் நகர மாட்டேன் என்கிறது. பயமும் சிரிப்பும் ஒன்றாக வருகிற இப்படி ஒரு காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த ஹோகன் யார், அப்பாவா, வேலையாளா, ஒரு காலத்தில் அவரும் ஆஸ்கரைப் போல ஒரு சிறுவனாக ஏலியிடம் வந்தவரா? படம் வாயே திறக்காது. நாவல் எல்லாவற்றையும் போட்டு உடைக்கும். அவர் சிறுவர்கள் மேல் ஆசை கொண்ட, அதனாலேயே வேலை போன முன்னாள் ஆசிரியர். படத்தில் அவர் செத்தால் கதை முடிந்தது, நாவலில் அதற்கப்புறம்தான் அவருடைய ஆட்டமே ஆரம்பம், அந்த நிலவறைப் பக்கங்களை ராத்திரியில் படிக்காதீர்கள். இதைப் படத்தில் தொடாமல் விட்டது நல்லதுதான், வைத்திருந்தால் ஆஸ்கரும் ஏலியும் ஓரமாகப் போயிருப்பார்கள்.

அதனால்தான் படத்தை முதலில் பாருங்கள் என்கிறேன். "நான் பெண் இல்லை" என்று ஏலி சொல்வதும், பின்னால் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துபோகும் ஒரு தழும்பும் படத்தில் புதிராகவே நிற்கும், அதற்கு விடை நாவலில் முழுசாக இருக்கிறது. நாவலை முதலில் முடித்துவிட்டால் படத்தில் இல்லாததையே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

படத்தில் குறையே இல்லையா என்றால், பூனைகள் பாயும் காட்சி. கம்ப்யூட்டர் பூனைகள் என்று பளிச்செனத் தெரிகிறது, நாவலில் அதே இடம் உண்மையிலேயே குலைநடுங்க வைக்கும். நீச்சல்குளக் காட்சியில் கணக்கு நேராகிவிடுகிறது. கேமரா ஆஸ்கரோடு தண்ணீருக்கடியிலேயே இருக்க, மேலே நடப்பது எதுவும் தெரியாமல், துண்டானவை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன.

அமெரிக்காவில் 2009-இல் வந்த முதல் டிவிடியில் சப்டைட்டிலைச் சப்பென்று ஆக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் சத்தம் போட்டார்கள். தியேட்டர் சப்டைட்டில் உள்ள பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். 2010-இன் அமெரிக்க மறுஆக்கம் மோசமில்லை, ஆனால் அவசரமும் இல்லை.

இதே ஆல்ஃப்ரெட்சன்தானே என்று நம்பி 2017-இன் 'தி ஸ்னோமேன்' பக்கம் மட்டும் போகாதீர்கள். திரைக்கதையில் 10 முதல் 15 சதவீதம் படமாக்கப்படவே இல்லை என்று அவரே சொன்னார், பார்த்தால் நமக்கே தெரியும். அதற்கு மூலமான யோ நெஸ்போவின் நாவலைப் படியுங்கள், அது போதும்.